போர்ட்மேன் வீட்டு மேரி

மான்செஸ்டர் நகரத்தின் ஆர்ட்விக் பகுதி, ஹைட் ரோடு, 252ஆம் எண் வீடு. 1860களின் தொடக்கத்தில் அந்த வீட்டில் குடியிருப்பவர் என்று வரிப் பதிவேட்டில் இருக்கும் பெயர் ஃபிரடெரிக் போர்ட்மேன். அப்படியொரு மனிதர் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. வீட்டில் உண்மையில் இருந்தவர்கள் அக்கா தங்கை இருவர்: மேரி பர்ன்ஸ், லிடியா பர்ன்ஸ். லிடியாவை எல்லோரும் லிஸி என்றே கூப்பிட்டார்கள். போர்ட்மேன் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் பகலில் பருத்தி வியாபாரம் பார்த்தார், ஆலை முதலாளிகளோடு விருந்து சாப்பிட்டார், அவர்களோடு குதிரையேறி நரி வேட்டைக்கும் போனார். ஊருக்குக் காட்டுவதற்கென்று வேறொரு தெருவில் தனியாக ஜாகை வைத்திருந்தார். அவர் பெயர் ஃபிரடெரிக் ஏங்கெல்ஸ்.

நம் ஊர் வாசகசாலைச் சுவர்களில் மார்க்ஸுக்குப் பக்கத்தில் தாடியோடு இருக்கும் அதே ஏங்கெல்ஸ்தான். அவரைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எனக்கு வேண்டியது மேரியின் குடும்பம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஒரு தொழிலாளிக் குடும்பத்தை இன்றைக்குத் தேடிப் போனால் என்ன கிடைக்கும், யார் கையெழுத்தில் கிடைக்கும் என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான வீடு இல்லை. ஏறத்தாழ இருபது வருடம் மேரியோடு உறவிலிருந்தவர், கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவைத்த ஆள். அப்படி ஒருவர் கூடவே இருந்தும், மேரியின் வீட்டாரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வரி வசூலித்தவர்களும் தலை எண்ணியவர்களும் எழுதி வைத்தது.

மேலே போகுமுன் ஒரு சின்ன ஒப்புதல். ஏங்கெல்ஸுக்கு 'அவர்' தானாக வந்துவிடுகிறது. மேரி என்றதும் பேனா 'அவள்' என்று போகிறது. முதல் படியில் அப்படித்தான் எழுதியிருந்தேன். திருத்தும்போதுதான் உறைத்தது. எல்லோருக்கும் 'அவர்' என்றே வைத்துக்கொள்கிறேன்.

மேரி பிறந்தது 1822 வாக்கில். அப்பா மைக்கேல் பர்ன்ஸ், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர், சாயத் தொழிலாளி. அம்மா மேரி கான்ராய். தங்கை லிஸி 1827இல் பிறந்தார். 1841 மக்கள்தொகைக் கணக்கில் மைக்கேல் டீன்ஸ்கேட் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறார். கூட இருப்பவர் இரண்டாம் தாரம். அவர் பெயரும் மேரிதான், மேரி டூமி. பின்னாளில் ஒரு பேத்தி வருகிறார், அவர் மேரி எல்லன். ஒரே குடும்பத்தில் நான்கு மேரி. அயர்லாந்துக் கத்தோலிக்கர் வீடுகளில் இது சர்வசாதாரணம். போதாக்குறைக்கு பர்ன்ஸ் என்ற பெயர் பதிவேட்டுக்குப் பதிவேடு 'பைர்ன்' என்றும் மாறுகிறது. எழுதுபவர் காதில் விழுந்தபடி எழுதினார். எழுத்தறியாதவர் அதைப் பார்த்துத் திருத்தவா முடியும்?

அந்த 1841 ஏட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஜூன் 6, ஞாயிற்றுக்கிழமை இரவு யார் எந்த வீட்டில் படுத்திருந்தார்களோ அவர்கள் அந்த வீட்டுக் கணக்கில் வருவார்கள். கணக்கெடுப்பாளர் வீடு வீடாகத் தாளைக் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கினார். எழுதத் தெரியாத வீட்டில் அவரே கேட்டு எழுதினார். அந்தத் தாள்களைப் பார்த்து ஏட்டில் பென்சிலால் படியெடுத்தார். தாள்கள் போய்விட்டன, ஏடுகள் இருக்கின்றன. ஒரு கட்டடம் முடிந்தால் இரண்டு சாய்கோடு. ஒரே கட்டடத்துக்குள் ஒரு குடும்பம் முடிந்து அடுத்தது தொடங்கினால் ஒற்றைச் சாய்கோடு. ஒற்றைக் கோடு அடுத்தடுத்து வந்தால் ஒரே கூரையின்கீழ் எத்தனை குடும்பம் என்று விரல்விட்டு எண்ணலாம். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லி உத்தரவு. பத்தொன்பது வயதுப் பெண் ஏட்டில் பதினைந்து ஆகிவிடுவார். பிறந்த ஊருக்குக் கட்டம் இல்லை. இந்த மாவட்டத்தில் பிறந்தவரா, ஆம் அல்லது இல்லை. அயர்லாந்து என்றால் ஒரேயொரு எழுத்து. யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்கவே இல்லை. அந்தக் கட்டம் வர 1851 ஆகவேண்டியிருந்தது. பிற்பாடு லண்டன் அலுவலகத்தில் தொழில்வாரியாக எண்ணிக்கை எடுத்த குமாஸ்தாக்கள் பெயரின் மேலும் தொழிலின் மேலும் கோடு கிழித்துக்கொண்டே போனார்கள். இன்று திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எது எழுத்து, எது குமாஸ்தா போட்ட கோடு என்று பிரிப்பதற்குள் கண் வலித்துவிடும்.

அந்த இரவு மைக்கேல் வீட்டில் மகள்கள் இருவரும் இல்லை. காணாமல் போய்விட்டார்கள் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. பத்தொன்பது வயதுப் பெண் வேறு வீட்டில் வேலைக்கு இருந்து அங்கேயே படுத்திருக்கலாம். பதின்மூன்று வயதுத் தங்கை உறவுக்காரர் வீட்டிலோ வாடகைப் படுக்கையிலோ இருந்திருக்கலாம். அன்றைய தொழிற்பேட்டைகளின் குடும்பம் நாம் நினைப்பதுபோல் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரு பெட்டிக்குள் அடங்கியதில்லை. மைக்கேல் ஆண்டர்சன் என்ற வரலாற்றாய்வாளர் 1851 கணக்கை வைத்து மான்செஸ்டர் அப்போது இருந்த லங்காஷயர் மாவட்டத்தின் பிரஸ்டன் ஊரை வீடு வீடாக ஆராய்ந்து 1971இல் ஒரு நூல் எழுதினார். ஏறக்குறைய நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டில் நெருங்கிய குடும்பத்துக்கு அப்பாற்பட்ட உறவினர் யாராவது இருந்தார்கள். குடிக்கூலி கொடுத்துத் தங்கியிருந்தவர்கள் இருந்த வீடுகளும் கிட்டத்தட்ட அத்தனையே. ஆலைகள் வந்து குடும்பத்தைச் சிதைத்துவிட்டன என்பது அதுவரை பலரும் சொல்லிவந்த பேச்சு. ஆண்டர்சன் கண்டது வேறு. கிழவி பேரனைப் பார்த்துக்கொண்டால் மகள் தறிக்குப் போகலாம். அநாதையான தங்கை மகனை வீட்டில் வைத்துக்கொண்டால் இரண்டு வருடத்தில் அவனும் கூலி கொண்டுவருவான். பாசமும் இருந்தது, கணக்கும் இருந்தது.

மைக்கேலின் தொழிலுக்கு வருகிறேன். சாயப் பட்டறை வேலை என்றால் கொதிநீர், ஆவி, காரம், ஈரத்துணியின் பாரம். முழங்கை வரை நிறம் ஏறியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாலும் போகாது. இர்வெல், மெட்லாக் ஆறுகளில் பட்டறைக் கழிவு ஓடியது. திருப்பூர் நொய்யலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். அன்றைய இங்கிலாந்தின் சாயத் தொட்டிகளுக்கு வந்த அவுரியில் வங்காளத்தோடு சென்னை மாகாணத்துச் சரக்கும் உண்டு.

இந்த வேலையில் வயதானவர்களுக்கு இடமில்லை. 1841க்குப் பத்து வருடம் கழித்து மைக்கேலும் மேரி டூமியும் நியூ பிரிட்ஜ் தெரு வொர்க்ஹவுஸில் இருக்கிறார்கள். 1834 ஏழைகள் சட்டத்தின்படி நடந்த விடுதி அது. வெளியில் கிடைக்கும் மிக மோசமான பிழைப்பைவிட உள்ளே இருப்பது மோசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் சும்மா வரமாட்டார்கள் என்பது அந்தச் சட்டத்தின் தத்துவம். வாசலிலேயே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். அறுபது வயது தாண்டிய தம்பதியைப் பிரிக்கக் கூடாது என்ற சலுகையே 1847இல்தான் வந்தது. இப்படிப்பட்ட விடுதிகள் சிலவற்றின் கணக்கேட்டில் பெயர்கூட முழுதாக இருக்காது, முதலெழுத்துகள் மட்டும்தான். உள்ளே இறந்து, உடலைக் கேட்டு யாரும் வராவிட்டால், 1832 உடற்கூறியல் சட்டப்படி அது மருத்துவ மாணவர்களின் மேசைக்குப் போகலாம். ஏழை வீடுகள் சாப்பாட்டைக் குறைத்தாவது சாவுச் சங்கத்துக்கு வாரம் ஒரு பென்னி கட்டியதன் காரணம் இதுதான். மைக்கேல் 1858இல் இறந்தார்.

இந்த விடுதிகளை நடத்திய பணம் எங்கிருந்து வந்தது? வீட்டுக்காரர்களிடம் வசூலித்த ஏழைகள் வரியிலிருந்து. மேரியையும் லிஸியையும் குடிவைத்த வீடுகளை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தது வரிப் பதிவேடுகளில்தான். ராய் விட்ஃபீல்டு இதற்காகவே அந்த ஏடுகளைப் புரட்டி 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். 'ஒரு நிழலைத் தேடி' என்று பொருள்படும் துணைத்தலைப்பு. 1850களில் ஒரு வீட்டுக்கு எதிரே 'ஃபிரடெரிக் மான் பர்ன்ஸ்' என்று ஒரு பெயர். பிறகு போர்ட்மேன். ஏங்கெல்ஸ் ஏன் பொய்ப் பெயர் வைத்தார் என்பதில் மர்மம் இல்லை. ஜெர்மனியில் இருந்த அப்பாவுக்குத் தெரியக்கூடாது, கம்பெனிப் பங்காளிகளுக்குத் தெரியக்கூடாது, மான்செஸ்டர் பெரிய மனிதர்களுக்கும் தெரியக்கூடாது. திருமணம் என்ற ஏற்பாட்டின் மீது நம்பிக்கை இல்லை என்பது கொள்கை. கொள்கைக்கு மறைப்பு எதற்கு என்று மேரி கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால் அதை எழுதிவைக்க அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார், அவரும் எழுதவில்லை.

ஏங்கெல்ஸ் மான்செஸ்டருக்கு முதலில் வந்தது 1842 கடைசியில், இருபத்திரண்டு வயதில். அப்பா பங்காளியாக இருந்த நூல் கம்பெனியில் தொழில் பழக. மேரியைச் சந்தித்தது அடுத்த ஆண்டாக இருக்கும். 'இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை' 1845இல் லைப்சிக்கில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. அதன் தொடக்கத்திலுள்ள அர்ப்பணிப்பில், நடுத்தர வர்க்கத்தாரின் விருந்துகளையும் மதுக்கோப்பைகளையும் விட்டுவிட்டுத் தொழிலாளர்களோடு என் ஓய்வு நேரத்தைக் கழித்தேன் என்று பெருமையாகச் சொல்கிறார். மெட்லாக் ஆற்றின் வளைவில் இருந்த 'லிட்டில் அயர்லாந்து' குடியிருப்பைப் பற்றி அதில் வரும் பக்கங்கள் நாற்றம் உட்பட நினைவில் நிற்பவை. அந்தச் சந்துகளுக்குள் நல்ல கோட்டு போட்ட ஒரு ஜெர்மன் இளைஞர் தனியாக நுழைந்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்க முடியாது. அழைத்துப் போனவர் மேரிதான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் ஊகம். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. நூலில் மேரி பெயர் ஒரு இடத்திலும் இல்லை. முன்னுரையிலும் இல்லை.

அந்தச் சந்துகளில் உயிர் எவ்வளவு மலிவு என்பதற்கு பொதுச் சுகாதாரச் சீர்திருத்தக்காரர் எட்வின் சாட்விக் 1842இல் கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. மான்செஸ்டரில் கனவான் குடும்பங்களில் சராசரி இறப்பு வயது 38. கடைக்காரர் குடும்பங்களில் 20. கூலிக்காரர் குடும்பங்களில் 17. கிராமப்புறமான ரட்லண்டில் கூலிக்காரருக்கே 38. குழந்தைச் சாவுகள்தான் இந்த எண்ணை இப்படிக் கீழே இழுக்கின்றன. தாய் ஆலைக்குப் போயிருக்கும்போது குழந்தை அழாமலிருக்கப் புகட்டிய 'காட்ஃப்ரே கார்டியல்' பாகில் அபின் இருந்தது. மருந்துக் கடையில் யாரும் வாங்கலாம்.

மேரி என்ன வேலை செய்தார்? மார்க்ஸின் மகள் எலினோர் பிற்காலத்தில் எழுதிய ஒரு கடிதத்தில் மேரியை ஆலைப் பெண் என்கிறார். பெரிய படிப்பில்லை, அழகி, வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர், கடைசிக் காலத்தில் குடி அதிகம் என்றும் சேர்க்கிறார். எலினோருக்கு ஏழெட்டு வயது நடக்கும்போதே மேரி இறந்துவிட்டதால் இது காதில் கேட்டதே. மேரி சிறுமியாக ஆலைக்குப் போயிருந்தால், அது 1833 தொழிற்சாலைச் சட்டத்துக்கு முந்தைய நாட்கள். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஜவுளி ஆலையில் வைக்கக்கூடாது என்ற விதியைக் கண்காணிக்க இன்ஸ்பெக்டர்கள் வந்ததே அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான், அதுவும் நாடு முழுக்க நான்கே பேர். தறிக்கொட்டகைப் பெண்கள் நாடாவின் கண்ணில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுத்தார்கள். ஒருவர் வாய் வைத்த நாடா அடுத்தவர் வாய்க்குப் போகும். இரைச்சலில் பேச்சு கேட்காததால் உதட்டை அகல அசைத்துப் பேசும் ஒரு பேச்சு உருவானது. வீட்டுக்கு வந்த பிறகும், கிழவியான பிறகும், அந்த உதட்டசைவு போகவில்லை.

1863 ஜனவரி. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்திக் கப்பல்கள் நின்று லங்காஷயர் பட்டினியில் இருந்த குளிர்காலம். நிவாரணம் வாங்கியவர்கள் ஐந்து லட்சத்தை நெருங்கினார்கள். ஓடிய சில ஆலைகளில் சூரத்துப் பஞ்சு. இழை குட்டை, நொடிக்கொரு தரம் அறுந்தது, தறிக்காரர்கள் சபித்தார்கள். அதே போர் நம் கரிசல் காட்டுச் சம்சாரிகளுக்குப் பஞ்சு விலையை ஏற்றிக் கொடுத்தது. இந்தக் குளிரில், திங்கள் மாலைவரை நன்றாக இருந்த மேரி, செவ்வாய் இரவு சீக்கிரமே படுக்கப் போனார். நள்ளிரவுக்குச் சற்று முன் லிஸி படுக்கப் போனபோது அக்கா இறந்து கிடந்தார். வயது நாற்பது இருக்கும். ஏங்கெல்ஸுக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் காலையில். அன்றே மார்க்ஸுக்கு எழுதிய நாலு வரிக் கடிதத்தில் இந்த விவரங்களெல்லாம் உண்டு. மேரியும் ஏங்கெல்ஸும் இரண்டு வீட்டில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி எந்த வரி ஏட்டிலும் கிடையாது.

மார்க்ஸின் பதில் உலகப் பிரசித்தம். மேரி நல்ல சுபாவம், நல்ல பேச்சு என்று ஒரு வரி. அதற்குப் பின் கறிக்கடைக் கடன், பள்ளிக் கட்டணம், வாடகை. ஏங்கெல்ஸ் சில நாள் பதிலே போடவில்லை. எழுதியபோது, கொச்சையான வியாபாரி நண்பர்கள்கூட உன்னைவிட அதிகம் துக்கம் காட்டினார்கள் என்று எழுதினார். மார்க்ஸ் மன்னிப்புக் கேட்டார். அந்த நட்பில் விழுந்த ஒரே பெரிய விரிசல் என்று வாழ்க்கை வரலாறுகள் இதை விவரிக்கின்றன. எனக்கு இதில் படுவது வேறு. மேரியைப் பற்றி எஞ்சியிருக்கும் நேரடி வார்த்தைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றிலும் பாதி இரண்டு ஆண்களின் மனத்தாங்கலின் ஓரத்தில் வருகின்றன. புகைப்படம் இல்லை. அவர் எழுதிய கடிதம் இல்லை, அவருக்கு எழுதிய கடிதமும் இல்லை.

லிஸி பிறகு ஏங்கெல்ஸோடு வாழ்ந்தார், 1870இல் லண்டனுக்கும் கூடப் போனார். சகோதரரின் மகளான மேரி எல்லனை எடுத்து வளர்த்தார். வீட்டில் செல்லப்பெயர் 'பம்ப்ஸ்'. ஆங்கில ஏடுகள் இவரை 'நீஸ்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடும். எந்த வழி உறவு என்று துருவித் தேட வேண்டும். தமிழில் லிஸி இவருக்கு அத்தை, இறந்துபோன மேரி பெரிய அத்தை, முடிந்தது விஷயம். வொர்க்ஹவுஸுக்குப் போன சாயத் தொழிலாளியின் பேத்தி ஜெர்மனியில் ஹைடல்பர்க் போய்ப் படித்தார். ஏங்கெல்ஸின் உயிலில் அவருக்குப் பங்கு இருந்தது. ஏங்கெல்ஸின் நண்பர்கள் பலருக்கு அவரைப் பிடிக்காது. படிப்பில்லாத குடும்பத்துப் பெண்ணுக்கு இவ்வளவு சலுகையா என்ற முகச்சுளிப்பு அதில் கொஞ்சம் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

கொள்கைப்படி மணம் செய்யாதிருந்த ஏங்கெல்ஸ், 1878 செப்டம்பர் 11 அன்று, சாகக் கிடந்த லிஸியின் ஆசைக்காகப் பாதிரியாரை வீட்டுக்கே அழைத்து மணந்தார். மறுநாள் லிஸி இறந்தார். கென்சல் கிரீன் கத்தோலிக்கக் கல்லறையில் அவருக்குக் கல் இருக்கிறது. மனைவி என்று அதில் பொறித்திருக்கிறது. மேரிக்கு அது கிடைக்கவில்லை.

இங்கிலாந்தின் திருமணப் பதிவேட்டுப் படிவம் 1837இல் உருவானது. மணமக்களின் பெயர், வயது, தொழில், இருப்பிடம், இருவருடைய அப்பாக்களின் பெயர், அப்பாக்களின் தொழில். சாயத் தொழிலாளி மைக்கேல் பர்ன்ஸுக்கு அதில் இடம் உண்டு. மேரி கான்ராய்க்கு இல்லை. அம்மாவின் பெயருக்கு அந்தப் பதிவில் இடம் வந்தது 2021 மே 4ஆம் தேதி.